உப்புக்காற்று ஊரில் பைன் மரம்: வாங்கும் முறையும் வேலை முறையும்

இராமநாதபுரம் கடற்கரையில் வீட்டு மரவேலை என்றால் பெரியவர்கள் வாயில் வருவது தேக்கு, வேம்பு, பனை. கீழக்கரைப் பழைய வீடுகளில் பர்மா தேக்குக் கதவுகள் இன்னும் அசையாமல் நிற்கின்றன. பைன் என்று பேச்செடுத்தால் ஆசாரி, "அது பேக்கிங் பெட்டி மரமாச்சே" என்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை. இங்கே விற்கும் பைனில் ஒரு பங்கு பெட்டி அடிக்கவும் சென்ட்ரிங் பலகைக்கும்தான் போகிறது. ஆனால் அதே மரத்தை இடம் பார்த்துப் போட்டால் அலமாரி, கட்டில், உள் தடுப்பு, பரண் கதவு, சுவர்ப் பலகை எல்லாம் தேக்கைவிட எவ்வளவோ குறைந்த செலவில் முடியும். இடம் தெரியாமல் போட்டால் இரண்டு மழைக்காலம் தாங்குவதே பெரிது.

முதல்முறை மரம் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொண்டி முதல் சாயல்குடி வரை, பாம்பன் மண்டபம் உட்பட, கடலுக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்களை மனதில் வைத்து.

உப்புக்குப் பயப்பட வேண்டியது எது

"கடற்கரையில் பைனா? உப்பு தின்றுவிடும்" என்று பலரும் சொல்வார்கள். உப்பு தின்பது ஆணியை, கீலை, தாழ்ப்பாளை. மரத்தை அழிப்பவை ஈரமும் கரையானும்தான். ஆணிக்கு வரும் கேடு, மரத்துக்கு வரும் கேடு என்று இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. மரத்துக்குள் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அழுகல் பூஞ்சை வளராது. மணல் பூமியிலும் கரையான் உண்டு, மறந்துவிட வேண்டாம்.

உப்புக்கும் மறைமுகமாக ஒரு பங்கு இருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுத்து மரத்தின் மேலேயே பிடித்து வைக்கும். துருப்பிடித்த இரும்பாணியைச் சுற்றி மரம் கறுத்து, நாளடைவில் மாவாகிவிடும். வள்ளம் கட்டுபவர்களைக் கேட்டுப் பாருங்கள், பலகை நன்றாக இருக்கும்போதே ஆணியைச் சுற்றி மட்டும் பொத்தல் விழும் கதையைச் சொல்வார்கள். ஆகவே இந்தக் கரையில் பைன் வேலைக்குக் கணக்குப் போடும்போது மரத்துக்கு எவ்வளவு யோசிக்கிறோமோ அவ்வளவு ஆணிக்கும் யோசிக்க வேண்டும்.

முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் வீட்டைச் சுற்றி வந்து, எங்கெங்கே மரம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள். மழை படுமா? சிமென்ட், செங்கல், மண் இவற்றைத் தொட்டுக்கொண்டு இருக்குமா? பின்னால் போய்ப் பார்க்க முடியுமா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் பைன் போடலாம்.

கட்டில், புத்தக அலமாரி, துணி அலமாரியின் உள்தட்டு, பரண் கதவு, அறைக்குள் தடுப்பு, மாடிப்படிக் கைப்பிடி, ஃபால்ஸ் சீலிங்குக்கு உள் சட்டம் இதெல்லாம் தாராளமாகச் செய்யலாம். சுவரில் பலகை அடிப்பதும் முடியும். ஆனால் சுவருக்கும் பலகைக்கும் நடுவே ரீப்பர் (மெல்லிய சட்டம்) கொடுத்து, அடியிலும் மேலும் காற்று போய்வர இடைவெளி விட வேண்டும். கடல் மணலைச் சரியாகக் கழுவாமல் பூசிய சுவர்கள் இந்தப் பக்கம் நிறைய. அவை வருடம் முழுக்கக் கசியும். அந்தச் சுவரில் பலகையை ஒட்டி அடித்தால் பின்பக்கம் பூஞ்சை பிடிப்பது கண்ணில் படவே படாது.

வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வது தலைவாசல் நிலை. நிலை சுவருக்குள் புதைந்து நிற்கிறது, அடி தரையைத் தொடுகிறது, கரையானுக்கு நேர்வழி. அதற்குத் தேக்கு, வேங்கை, முடியாவிட்டால் வைரம் பாய்ந்த (நடுமரம் முற்றி இறுகிய) வேம்பு போடுங்கள். குளியலறைக் கதவு, வெளி கேட், மொட்டைமாடிப் பந்தல் கால், வாசல் திண்ணைப் பலகை இவற்றுக்கும் சாதாரணப் பைன் ஆகாது.

ஜன்னல் கதவு நடுவில் நிற்கும் விஷயம். நம் ஊரில் பெருமழை ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. வடக்கும் கிழக்கும் பார்த்த ஜன்னல்களில் சாரல் நேரே வந்து விழும், அங்கே பைன் வேண்டாம். மற்றப் பக்கங்களில் நல்ல சன்ஷேடு இருந்தால் போடலாம். தென்கரையில், ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம், ஆனி ஆடியில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று மன்னார் வளைகுடாவிலிருந்து உப்புத் துளியைத் தூக்கிவரும். அந்த வீடுகளில் தெற்கு, மேற்கு ஜன்னல்களுக்குக் கீலும் கொக்கியும் நல்லதாகப் போட வேண்டும், மரம் அவ்வளவு கவலையில்லை.

ஆட்டுக்கொட்டகை, விறகுக் கொட்டகை மாதிரி திறந்த கூரைகளுக்குப் பழைய பனங்கை (பனஞ்சட்டம்) கிடைத்தால் அதையே போடுங்கள். வைரம் பாய்ந்த பனைக்குப் பைன் ஈடில்லை. புதிதாகப் பனையை வெட்டுவதற்கு ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்துவிட்டதால், பழைய வீடு இடிக்கும் இடத்தில் விசாரிப்பதுதான் வழி.

எந்தப் பைன் என்று கேளுங்கள்

கொடைக்கானலில் பைன் காடு பார்த்திருப்பீர்கள். கடைக்கு வருவது அது கிடையாது. தமிழ்நாட்டு மரக்கடைகளில் உள்ள பைன் பெரும்பாலும் கப்பலில் வருவது, தூத்துக்குடித் துறைமுகம் இதற்கு ஒரு முக்கிய வாசல். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா பக்கமிருந்து வருவதில் பெரும்பகுதி ரேடியாட்டா பைன். கலிஃபோர்னியக் கடற்கரைதான் இதன் சொந்த ஊர், ஆனால் தோட்டமாக வளர்ப்பது மற்ற நாடுகளில். இருபத்தைந்து முப்பது வருடத்தில் வெட்டிவிடுகிறார்கள். வேகமாக வளர்ந்த மரம் என்பதால் வைரம் குறைவு, அதைச் சுற்றியுள்ள வெள்ளை மரம்தான் அதிகம். மருந்தேற்றாமல் மண்ணில் நட்டால் சீக்கிரம் போய்விடும். ஆனால் அதே வெள்ளைப் பகுதி மருந்தை நன்றாகக் குடிக்கும். இந்த மரத்தின் பலவீனமும் பலமும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து வரும் சதர்ன் யெல்லோ பைன் இன்னும் கனம், கடினம், ரேகை அழுத்தமாகத் தெரியும். ஐரோப்பியப் பைன் கொஞ்சம் மென்மையான ரேகையுடன் இருக்கும், அதோடு ஸ்ப்ரூஸையும் கலந்து "பைன்" என்றே விற்பார்கள். ஸ்ப்ரூஸ் மருந்தை எளிதில் குடிக்காது. உள்வேலைக்குப் பரவாயில்லை, மருந்தேற்றும் வேலைக்கு எடுக்க வேண்டாம்.

சின்னத் துண்டுகளைப் பல்பல்லாக அறுத்து ஒட்டிச் செய்த ஃபிங்கர் ஜாயின்ட் போர்டும் கிடைக்கும். அலமாரித் தட்டு, மேசைப் பலகைக்கு இது வசதி, ஒற்றைப் பலகையைவிட வளைவது குறைவு. ஒட்டியிருக்கும் பசை தண்ணீர் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள், சமையலறை என்றால் கட்டாயம் கேளுங்கள்.

சரக்கு அடுக்கப் பயன்பட்ட பழைய பேலட் கட்டைகளை வாங்கிக் கட்டில் செய்வது இப்போது ஒரு மோகம். வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் வீடியோ காலில் டிசைன் காட்டுகிறார்கள், இங்கே அப்பா பேலட் தேடி அலைகிறார். செய்யலாம். கட்டையில் கோதுமைக் கதிர்ச் சின்னத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் 'எச்.டி' என்று இருந்தால், உள்ளே 56 டிகிரி சூடு 30 நிமிடம் ஏற்றிப் பூச்சியைக் கொன்றது என்று பொருள். 'எம்.பி' என்று இருந்தால் மீதைல் புரோமைடு வாயு அடித்தது, அதை வீட்டுக்குள் எடுக்க வேண்டாம். சூடேற்றிய கட்டைக்கும் பின்னால் கரையான் வரும், அந்த முத்திரை பழைய பூச்சிக்கு மட்டும்தான் பதில்.

கன அடிக் கணக்கு

மரக்கடையில் பேச்செல்லாம் கன அடியில். நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்து மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும். 10 அடி நீளம், 4-க்கு 2 சட்டம் ஒன்று என்றால் 80-ஐ 144-ஆல் வகுக்க 0.556. அப்படிப் பதினெட்டுச் சட்டம் சேர்ந்தால் சரியாக 10 கன அடி.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவது. வெளிநாட்டுப் பைன் மில்லிமீட்டரில் அறுத்து வருகிறது. 90-க்கு 45 மில்லிமீட்டர் உள்ள சட்டத்தைக் கடையில் "4-க்கு 2" என்று சொல்வார்கள். டேப் வைத்துப் பார்த்தால் மூன்றரை அங்குலத்துக்கு ஒன்றேமுக்கால்தான் வரும். பதினெட்டுச் சட்டத்தில் 10 கன அடிக்குக் காசு கொடுத்து 7.85 கன அடி மரத்தை ஏற்றி வருவீர்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. ஏமாற்று என்றும் சொல்ல முடியாது, அது அந்த வியாபாரத்தின் பழக்கம். ஆகவே விலை கேட்கும்போதே "கையில் இருக்கும் அளவுக்கா, சொல்லும் அளவுக்கா" என்று கேளுங்கள். இழைத்த மரமா, அறுத்தபடியே உள்ள மரமா என்பதும் முக்கியம். அறுத்ததை இழைத்தால் இன்னும் குறையும்.

இராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் கடைகள் உண்டு. கொஞ்சம் பெரிய வேலை என்றால் தூத்துக்குடியில் நேரே மில்லில் எடுத்து, சாயல்குடி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏற்றிவருவது கட்டுபடியாகும். வண்டி வாடகையையும் சேர்த்துக் கன அடி விலை என்ன வருகிறது என்று பார்த்தபிறகு முடிவு செய்யுங்கள். மழைக்காலத்தில் தார்ப்பாய் போடாமல் ஏற்ற விடாதீர்கள்.

கடையில் பார்த்து எடுப்பது

கட்டுக் கட்டாக எடுக்காமல் ஒவ்வொன்றாகப் பார்க்க விடுவார்களா என்று முதலில் கேளுங்கள். விடமாட்டேன் என்றால் வேறு கடை பார்ப்பதே நல்லது.

சட்டத்தின் ஒரு முனையைக் கண்ணுக்கு நேரே தூக்கி, மறுமுனை வரை பாருங்கள். லேசான வில்வளைவு இருந்தால் சிறு துண்டுகளுக்கு அறுத்துக்கொள்ளலாம். முறுக்கியிருந்தால் வேண்டாம். முறுக்கை எந்த ஆசாரியாலும் எடுக்க முடியாது, இழைத்தால் கனம் போய்விடும், மழை வந்தால் திரும்ப முறுக்கும். பிறகு முனையைத் திருப்பி வளையங்களைப் பாருங்கள். மரத்தின் நடுத்தண்டு அந்தத் துண்டுக்குள்ளேயே இருந்தால் அது பின்னால் வெடிக்கும், முறுக்கும். நடுவை ஒட்டிய இளமரம்தான் பைனில் மோசமான பகுதி. வளையங்கள் நெருக்கமாக உள்ள துண்டு நல்ல துண்டு.

கணு இல்லாத பைன் அபூர்வம், இருந்தால் விலை ஏறும். கணுவில் இரண்டு வகை. சுற்றியுள்ள மரத்தோடு ஒட்டி, பழுப்பாக இறுகியிருப்பது உயிர்க்கணு, அது பாதகமில்லை, அழகும்கூட. கறுப்பு வளையத்தோடு தனியாகத் தெரிவது செத்த கணு, காய்ந்தால் கழன்று விழுந்து ஓட்டையாகும். பாரம் தாங்கும் சட்டத்தில் விளிம்பை ஒட்டிப் பெரிய கணு இருந்தால் எந்த வகையானாலும் தள்ளுங்கள், ஒடிவது அங்கேதான்.

நீலமாகவோ சாம்பலாகவோ கறை ஓடியிருக்கும் பலகை நிறைய வரும், கப்பலில் ஈரத்தோடு கிடந்ததால் வந்த பூஞ்சைக் கறை. மரத்தின் பலம் இதனால் அதிகம் குறையாது. பெயின்ட் அடிக்கும் வேலைக்கு எடுத்துக்கொண்டு, அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லலாம். ஆனால் நகத்தால் அழுத்தினால் அமுங்கும் இடமோ, மாவு கொட்டும் சின்ன ஓட்டைகளோ இருந்தால் அது அழுகல் அல்லது வண்டு, தொட வேண்டாம்.

அடுத்து ஈரம். இந்தக் கரையில் வீட்டுக்குள் போடும் மரம் 12 முதல் 15 சதவீத ஈரத்தில் இருந்தால் சரி. இரண்டு ஊசி உள்ள சின்ன ஈரமானி இணையத்தில் கிடைக்கிறது, ஒரு வீட்டு வேலைக்கே அதன் விலை கழிந்துவிடும். அது இல்லாவிட்டால் தராசு போதும். முழு அளவு 4-க்கு 2, பத்தடி ரேடியாட்டா சட்டம் காய்ந்திருந்தால் ஏழெட்டு கிலோ இருக்கும். யெல்லோ பைன் ஒன்பதைத் தாண்டலாம். ரேடியாட்டா என்று சொல்லிக் கொடுப்பது பத்துப் பதினொன்று காட்டினால் அது தண்ணீருக்கும் சேர்த்து விலை வாங்குகிறது. மீன் ஏலத்தில் தொங்கவிடும் கொக்கித் தராசு இதற்கு அருமையாக உதவும்.

கில்னில் (சூட்டறையில்) உலர்த்தியதா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். உலர்த்திய பிறகு திறந்தவெளியில் இரண்டு மாதம் மழையில் கிடந்தால் அந்த ஆமாமுக்குப் பொருள் இல்லை. எடைதான் உண்மை சொல்லும்.

வந்திறங்கியதும் உடனே அறுக்க வேண்டாம்

இங்கே பொறுமை வேண்டும். ஆசாரி காலையில் வந்து நின்றாலும் சரி, மரம் வந்து குறைந்தது இரண்டு வாரமாவது அந்த வீட்டுக் காற்றிலேயே இருக்க வேண்டும். வெயில் படாத, காற்று ஓடும் இடத்தில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கட்டை கொடுத்து அடுக்குங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ஒரே கனமுள்ள குச்சிகள், இரண்டடிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். குச்சி முன்பின்னாக இருந்தால் பலகை அந்த இடத்தில் வளைந்தே காயும். மேலே நாலைந்து செங்கல் பாரம் வையுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் பரப்புவது வேண்டாம், முனையெல்லாம் வெடித்துவிடும்.

மரம் நீளவாக்கில் அசைவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், அகலவாக்கில்தான் சுருங்கி விரியும். சித்திரை வைகாசியில் காய்ந்த மரத்தில் அலமாரிக் கதவு செய்தால் சுற்றிலும் மூன்று மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள், கார்த்திகையில் அது உப்பி நிறைக்கும். அடைமழையில் செய்கிறீர்கள் என்றால் நெருக்கமாகப் பொருத்தலாம், கோடையில் தானே இடைவெளி விடும். ஆசாரி எந்த மாதம் வேலை செய்கிறார் என்பதற்கேற்ப இந்த அளவு மாறும் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

மருந்து

வெளியே போடும் பைனுக்கு அழுத்தத்தில் மருந்தேற்றியதே வேண்டும், தூரிகையில் அடிப்பது போதாது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மரத்தில் 'எச்' என்ற எழுத்தோடு ஓர் எண் இருக்கும். எச் 3 என்றால் மழை படலாம், மண்ணைத் தொடக்கூடாது. எச் 4 என்றால் மண்ணில் ஊன்றலாம். நம் நாட்டில் மருந்தேற்றுவதற்கு வழிகாட்டும் தரம் ஐ.எஸ். 401. வாங்கும்போது ஒரு துண்டைக் குறுக்கே அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். பச்சை நிறம் உள்ளே வரை போயிருக்க வேண்டும். மேல்தோலில் மட்டும் பச்சை என்றால் அது வெறும் சாயம்.

அந்தப் பச்சை மரத்தில் தாமிரம் உண்டு, சிலவற்றில் ஆர்செனிக்கும் உண்டு. அறுக்கும்போது முகக்கவசம் போடுங்கள். துண்டுகளை அடுப்பில் எரிக்கவே கூடாது, புகையும் சாம்பலும் விஷம். மிச்சத்தை ஆட்டுத் தொட்டியாக்குவதோ சமையலறைப் பலகையாக்குவதோ வேண்டாம். அறுத்த முனையில் மருந்து இல்லாத வெள்ளை தெரிந்தால் அதற்கென்று விற்கும் முனைப்பூச்சை அடித்துவிடுங்கள்.

வீட்டுக்குள் போடும் மரத்துக்கு வீட்டிலேயே ஒரு வழி உண்டு. வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் பவுடரும். கேரம் பலகையில் தூவுகிறோமே, அதே போரிக். 10 லிட்டர் வெந்நீரில் 600 கிராம் வெங்காரம், 400 கிராம் போரிக் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு எல்லாப் பக்கமும், குறிப்பாக முனைகளில், இரண்டு மூன்று முறை அடியுங்கள். ஒவ்வொரு முறையும் உறிஞ்ச விட்டு அடுத்தது. பிறகு திரும்ப நன்றாகக் காய வேண்டும், அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஒதுக்குங்கள். வண்டுக்கும் கரையானுக்கும் இது நல்ல தடுப்பு. மழையில் நனைந்தால் கரைந்து ஓடிவிடும், ஆகவே வெளிவேலைக்கு உதவாது. குழந்தைகள், கோழி, ஆடு பக்கத்தில் கரைசலை வைக்காதீர்கள்.

புதுவீடு என்றால் அஸ்திவாரத்தின்போதே மண்ணுக்குக் கரையான் மருந்து அடிக்கச் சொல்வார்கள். இந்தக் கரையில் பல ஊர்களில் நல்ல தண்ணீர் என்பது மணலுக்குள் மேலாக நிற்கும் மழைநீர்தான், கிணறும் ஆழம் குறைவு. கிணற்றுப் பக்கம் மருந்து அடிக்கும்முன் அதை அடிப்பவரிடம் கிணறு இருக்கும் இடத்தைக் காட்டி, தள்ளி அடிக்கச் சொல்லுங்கள். கணக்குப் பார்க்காமல் ஊற்றிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆணி, ஸ்குரு, கீல்

பைன் மென்மையான மரம், ஆணி சுலபமாக இறங்கும், அதே சுலபத்தில் முனையைப் பிளக்கும். முனையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் எதை அடித்தாலும் முதலில் சன்னமான துளை போடுங்கள். ஆணியின் நீளம், மேலே வரும் பலகையின் கனத்தைப்போல் இரண்டரை மடங்கு இருக்கட்டும். என்னைக் கேட்டால் இந்தக் கரையில் ஆணியை விட்டு ஸ்குருவுக்கே போய்விடலாம், பின்னால் கழற்ற முடியும் என்பது பெரிய வசதி.

எந்த உலோகம் என்பதில் கஞ்சம் பார்க்காதீர்கள். பளபளவென்று மின்னும் ஜிங்க் ஸ்குருவின் பூச்சு மெல்லியது, பாம்பன் காற்றில் சீக்கிரம் செம்மண் நிறமாகும். மங்கலான சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருப்பது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது, அது கொஞ்சம் தாங்கும். கடல் தெரியும் தூரத்தில் வீடு என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதிலும் 316 என்ற ரகம். வீட்டின் உள்ளறைகளுக்கு 304 போதும். தாமிர மருந்தேற்றிய மரத்துக்குக் கட்டாயம் ஸ்டெயின்லெஸ்தான், அந்தத் தாமிரமே சாதாரண ஆணியை அரிக்கும். கடைக்குப் போகும்போது ஒரு காந்தம் எடுத்துப்போங்கள். பட்டென்று இழுத்து ஒட்டினால் அது நீங்கள் கேட்ட ஸ்டீல் இல்லை. கீலும் தாழ்ப்பாளும் பித்தளையில் கிடைத்தால் இந்த ஊருக்கு அதுவே நிம்மதி.

கூரைக்குப் போடுகிறீர்கள் என்றால்

ஓட்டுக்கூரைக்குக் கைமரமாகவும் (சாய்வுச் சட்டம்) ரீப்பராகவும் பைன் போடலாம், உள்ளே நனையாது என்பது உறுதியானால். ஆனால் பழைய பனங்கையின் அளவையோ தேக்கின் அளவையோ அப்படியே பைனுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது, சட்டத்தின் உயரம் கூட வேண்டும். எவ்வளவு என்பதைக் கட்டடப் பொறியாளர் ஐ.எஸ். 883 தரத்தை வைத்துக் கணக்குப் போட்டுத் தரட்டும். இதில் ஆசாரியின் கைக்கணக்கை மட்டும் நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. அவருக்குப் பழகிய மரம் வேறு.

காற்றைப் பற்றி இந்தக் கரைக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியை என்ன செய்தது என்று எல்லா வீட்டிலும் கதை உண்டு. புயல் கூரையை அமுக்குவதைவிட மேலே தூக்கத்தான் பார்க்கும். பைன் கூரை எடை குறைவு, சுலபமாகத் தூக்கும். ஆகவே ஒவ்வொரு கைமரத்தையும் சுவர்மேல் சட்டத்தோடு உலோகப் பட்டை போட்டு போல்ட் செய்ய வேண்டும், சுவர்மேல் சட்டத்தையும் கான்கிரீட் பட்டியில் போல்ட் இறக்கிப் பிடிக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே தார் அட்டை ஒன்று விரியுங்கள், சிமென்ட் ஈரம் மரத்துக்கு ஏறாது. ரீப்பர் இடைவெளியை நீங்கள் வாங்கிய ஓட்டை வைத்தே அளந்துகொள்ளுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

பூச்சு

கணுக்களிலிருந்து பிசின் கசியும். அப்படியே பெயின்ட் அடித்தால் ஆறு மாதத்தில் மஞ்சள் வட்டம் வட்டமாகத் தெரியும். முதலில் டர்பன்டைன் தொட்ட துணியால் பிசினைத் துடைத்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைக் கணுமேல் இரண்டு கை தடவிக் காய விடுங்கள். தேக்கு நிறச் சாயம் ஏற்ற ஆசைப்படுபவர்கள் சீலர் ஒன்று அடித்துவிட்டுச் சாயம் போடுங்கள், இல்லாவிட்டால் திட்டுத் திட்டாகக் குடிக்கும். சொல்லப்போனால் பைனைத் தேக்கு மாதிரி காட்ட முயல்வது வீண்வேலை, அதன் வெளிர்நிறமே அறைக்கு வெளிச்சம் தரும்.

பூச்சு எல்லாப் பக்கமும் போக வேண்டும், சுவர்ப்பக்கம் திரும்பும் பின்புறமும்தான். முனைகளுக்கு ஒரு கை கூடுதல், மரம் தண்ணீரை அதிகம் குடிப்பது முனை வழியாகத்தான். வெயில் படும் இடத்தில் நிறமுள்ள எனாமல்தான் நிற்கும், தெளிவான வார்னிஷ் வெயிலில் உரிந்துவிடும். கடல் பார்த்த பக்கம் கொஞ்ச நாள் திறந்து கிடந்த மரம் என்றால் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, காய்ந்த பிறகே பிரைமர். ஆனி ஆடியில் வெளிப்பூச்சு வேண்டாம், கச்சான் காற்று கொண்டுவரும் மணல் ஈரப் பெயின்டில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். மாசி பங்குனி நல்ல மாதங்கள், காலைப் பனி உலர்ந்தபிறகு ஆரம்பியுங்கள்.

அப்புறம் பார்க்க வேண்டியது

மழைக்கு முன் புரட்டாசியில் ஒரு தடவை, மழை முடிந்து தையில் ஒரு தடவை டார்ச் எடுத்துக்கொண்டு சுற்றி வாருங்கள். சுவரடி, கட்டில் கால், அலமாரியின் பின்புறம், கைமரம் சுவரைத் தொடும் இடம். கரையானின் மண் கோடு ஏறியிருந்தால் அதைத் துடைத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். கோடு எங்கே தரையிலிருந்து கிளம்புகிறது என்று பின்தொடர்ந்து, அந்த இடத்தில்தான் மருந்து போக வேண்டும். மேலே மட்டும் அடித்தால் பக்கத்தில் இன்னொரு வழி போட்டு ஏறும். ஸ்குருத் தலைகளில் துரு தெரிந்தால் அந்த ஒன்றைக் கழற்றி ஸ்டீல் போடுங்கள், மரம் கறுக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஒரு பலகை கெட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் அடுத்த கப்பலில் வரும் மரத்தின் அளவும் நிறமும் பழையதோடு ஒத்துப்போகாது. ஆகவே வாங்கும்போதே அதே பலகைக்கட்டிலிருந்து இரண்டு மூன்று பலகை கூடுதலாக எடுத்து, வெங்காரக் கரைசல் அடித்துக் காய வைத்து, பரணில் தட்டையாகப் படுக்க வைத்துவிடுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வளையும்.